பொலி ஏறும்வரை

முதலில் எருமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எருமையைச் சோம்பேறி என்றும் சுரணை இல்லாதது என்றும் திட்டுகிறவர்கள் ஒருநாளும் எருமையோடு பழகாதவர்கள். எங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் அந்தக் காலத்தில் நெல்லைக் கதிரிலிருந்து பிரித்துத் தந்தது எருமைதான். வெட்டிக் கட்டிய நெற்கதிரைக் களவெட்டியில், அதாவது வயலுக்கு நடுவில் செதுக்கி மெழுகிய வட்டமான களத்தில், முழங்கால் உயரத்துக்குப் பரப்புவார்கள். எருமைகளை ஒன்றோடொன்று பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார்கள். இதைச் சூடு மிதிப்பது என்போம். எருமைக்கு வெயில் ஆகாது. ஆகையால் பொழுது சாய்ந்த பிறகு தொடங்கினால் விடியும்வரை நடக்கும்.

என் புருஷன் எங்கள் ஊரில் எருமை வளைத்து நடத்துகிறவர்களில் முதல் ஆள். போடியாருடைய பட்டி முழுவதும் அவருடைய குரலுக்கு நடக்கும், அவருடைய குரலுக்கு நிற்கும். வயலும் எருமையும் உள்ள பெரிய ஆளைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்பது. சாமத்தில் கண் சொக்கினால் என் புருஷன் என்ன செய்வார் தெரியுமா? எருமை சுற்றுகிற வட்டத்துக்குள்ளேயே, அந்த வைக்கோலிலேயே, முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு சரிந்துவிடுவார். எருமை வரும், மூச்சை விட்டு மணந்து பார்க்கும், ஒதுங்கி நடந்து போகும். அவர் மட்டுமல்ல, களத்து ஆட்கள் எல்லாருமே அப்படிப் படுத்து எழும்பியவர்கள்தான். ஒருவரையும் எருமை மிதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணம் முடித்த புதிதில், மிதித்துவிடும் என்று மறிப்பேன். "விசர்க்கதை கதையாத. வாரிக்காலன் மனிசர மிதிக்கமாட்டான்" என்று சிரிப்பார்.

வாரிக்காலன் என்றது எருமையைத்தான். களத்துக்குள் எருமையை எருமை என்று சொல்லக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்று சொல்லவேண்டும். தண்ணீர் கேட்பதென்றால் வெள்ளம் என்று கேட்கவேண்டும். களத்துக்குக் களத்துப் பேச்சுத்தான். ஏனென்றால் களத்தைச் சுற்றிப் பூதம் நிற்கிறதாம். 'இல்லை' என்றோ, 'முடிந்தது' என்றோ, 'போச்சு' என்றோ, 'ஐயோ' என்றோ யாராவது வாய் தவறினால் அது உள்ளே வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். பொலி ஏறும்வரை, அதாவது நெல்லெல்லாம் தூற்றிக் குவித்து அளந்து முடியும்வரை, களத்தை ஆளில்லாமல் விடவும் கூடாது. பெண் களத்துக்குள் கால் வைக்கவே கூடாது.

இந்தப் பூதத்தைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. எத்தனை தலைமுறையாக அள்ளியும் அது கொழுத்ததாகத் தெரியவில்லை. போடியார்தான் கொழுத்தார். ஆனால் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் என் புருஷன் அன்றைக்குச் சோறு தின்னமாட்டார். அவருக்குச் சாமிகூட இருக்கோ இல்லையோ என்றுதான் இருந்தது. பூதம் மட்டும் நிச்சயம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வழமைகளில் எங்களுக்கும் பங்கு இருந்தது. எருமை மிதித்த வைக்கோலில் கொஞ்சம் நெல் ஒட்டிக்கிடக்கும். வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். பொலி அளந்து முடிந்ததும் அந்த வைக்கோலை வெளியே எறிவார்கள். நாங்கள் பெண்கள் சுளகோடு காத்துக்கொண்டு நின்று அதை உதறி, தட்டி, புடைத்து எடுப்போம். மழைக்காலத்துச் சோறு அதில்தான். அந்த நெல் பெண்களுக்கு என்பது யாரும் கேள்வி கேட்காத விடயம். போடியாருடைய தாய் மனிசியே வந்து நின்று, "நல்லா உதறுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுப் போவா.

பிறகு மிசின் வந்தது. உழவு இயந்திரத்தை எங்கள் ஊரில் மிசின் என்றுதான் சொல்வோம். எழுபதுகள் தொடங்கின காலம் அது. கந்தளாய்ப் பக்கத்தில் கரும்புத் தோட்டத்திலும் வயல்களிலும் அது ஓடுவதாக முன்பே கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் போடியார் சொந்தமாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் ஊரே திரண்டது. முன்பக்கத்தில் சந்தனம் பூசி, பூமாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். என் மாமி, புருஷனுடைய தாய், கை எடுத்துக் கும்பிட்டா. நானும் கும்பிட்டேன். கோதாரி விழுந்த அந்த மிசினுக்கு நானும்தான் கும்பிடு போட்டேன்.

எருமைகளை விற்றுவிட்டார். இறைச்சிக்கு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஏற்றிக்கொண்டு போக லொறி வந்தது. எருமைகள் பலகையில் கால் வைக்க மறுத்துவிட்டன. அடித்துப் பார்த்தார்கள், வாலை முறுக்கிப் பார்த்தார்கள், ஏறவில்லை. போடியார் ஆளனுப்பி என் புருஷனைக் கூப்பிட்டார். அவர் போய் லொறிக்குள் ஏறி நின்று, களத்தில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஏறின. பிறகு அவர் பக்கவாட்டால் குதித்து இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டேன். "அதுகள் என்ர குரலுக்கு ஏறினதுகள்" என்றார்.

மிசினுக்கு வெயில் என்ன, மழை என்ன. சூடு மிதிப்புப் பகலுக்கு வந்தது. எருமை வளைத்த ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் போடியார். சிலர் கந்தளாய்ச் சீனி ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனார்கள். சிலர் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்கள். என் புருஷனை மட்டும் வைத்துக்கொண்டார். மிசின் சக்கரத்தின் முன்னால் வைக்கோலைக் கிளறிக் கிளறிப் போடவேண்டும். அதற்கு நுனி இரண்டாகக் கவர்விட்ட ஒரு நீட்டுக் கம்பு. களத்துப் பேச்சில் அந்தக் கம்புக்கு வேலைக்காரன் என்று பெயர். பட்டியையே நடத்தியவர் கடைசியில் கம்போடு மிசினைச் சுற்றி ஓடினார்.

எங்கள் சுளகுக்கும் ஆப்பு வந்தது. மிசின் மிதித்த வைக்கோலில் ஒரு மணி நெல் ஒட்டியிருக்காது. அப்படியே ஒட்டியிருந்தாலும் எங்களுக்குக் கிடைக்காது. வைக்கோலைக் கடதாசி ஆலைக்கு விற்கலாம் என்று போடியாருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. கேட்கப் போன பெண்களிடம், "அது பழைய காலத்து வழமை. இப்ப காலம் மாறிப்போச்சு" என்றார். இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாளைப் பற்றி.

பெரும்போக அறுவடை, மழை ஓய்ந்திருக்கவேண்டிய காலம். ஆனாலும் மேற்கே கந்தளாய்ப் பக்கமாக வானம் கறுத்துக் கிடந்தது. சூடு, அதாவது வெட்டிக் குவித்த கதிர்ப்போர், முழுவதும் பிரித்துக் களத்தில் பரப்பியிருந்த நேரம். நனைந்தால் முளைத்துவிடும். போடியார் இருக்க ஒரு கதிரை கொண்டுவரச் சொல்லி, குடையை விரித்துக்கொண்டு, களத்தோரத்தில் வந்து குந்தியிருந்தார். விடிந்ததிலிருந்து மிசின் ஓடியிருக்கிறது. மதியம் டிரைவர் மிசினை நிற்பாட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அவன் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த பெடியன். மற்ற ஆட்களும் மரத்தடிக்குப் போனார்கள். என் புருஷன் போகவில்லை. களத்தை ஆளில்லாமல் விட்டால் பூதம் அள்ளிக்கொண்டு போகும் அல்லவா? அவர்தான் முதல் ஆள், அவர்தான் காக்கவேண்டும். அறுவடை மாதத்தில் இரவு விழித்துப் பகலில் தூங்கியே வளர்ந்த உடம்பு அது. காவலுக்கு நின்றவர் வைக்கோலில் சரிந்து, முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மேலே நாலு பிடி வைக்கோல் சரிந்து மூடியிருக்கிறது.

நான் சோற்றுப் பெட்டியோடு வரம்பால் வந்துகொண்டிருந்தேன். பின்னால் மாமி. மிசின் இரைந்து கிளம்புவது கேட்டது. சாப்பாடு வருவதற்கு முந்தித் தொடங்கிவிட்டார்களே, மனிசன் பசியோடு நிற்கப்போகுதே என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிசின் வரம்பில் ஏறியது மாதிரி ஒரு பக்கமாக எம்பி இறங்கியது. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை. ஆட்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

ஓடினேன். களத்தின் விளிம்பில் என் கால் படுவதற்கு முன் மாமி பின்னால் வந்து என் வாயைப் பொத்தினா. பொத்தினா என்றால் சும்மா அல்ல. நெல் குத்திக் காய்த்துப்போன கை, பல்லோடு சேர்த்து அமத்தியது. "கத்தாத புள்ள, பொலி ஏறேல்ல, கத்தாத" என்று காதுக்குள் சொன்னா. அவவுடைய கண்ணீர் என் கழுத்தில் ஒழுகியது. பெற்ற மகன் அங்கே கிடக்கிறான். அவவும் கத்தவில்லை, என்னையும் கத்தவிடவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வரம்பில் கிடத்தினார்கள். வலது கால். முழங்காலுக்குக் கீழே பார்க்க ஏலாது. துவாயைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு கிடந்தார். நெற்றி நரம்பு புடைத்து நின்றது. கண் என்னைப் பார்த்தது. வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

டிரைவர் பெடியன் வரம்போரத்தில் சத்தி எடுத்துவிட்டு வந்தான். நல்ல பெடியன் அவன், அதைச் சொல்லவேண்டும். "போடியார், மிசினுக்குப் பின்னால பெட்டியக் கொளுவச் சொல்லுங்கோ. ஆள ஏத்துங்கோ. மூதூருக்கு நான் கொண்டுபோறன். லோஞ்சு வெளிக்கிட முந்திப் போயிரலாம்" என்றான். திருகோணமலைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூதூர்த் துறையிலிருந்து குடாவைக் கடந்து லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகில்தான் போகவேண்டும். பின்னேரத்தோடு கடைசி லோஞ்சு போய்விடும். மிசினில் போனால் பிடிக்கலாம். மாட்டு வண்டிலில் போனால் ஏலாது. இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

போடியார் வானத்தைப் பார்த்தார். பரப்பிக் கிடந்த சூட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "களத்துக்குள்ள வந்தது பொலி ஏறாமல் வெளியில போகக்கூடாது. நீ வெளியூரான், உனக்குத் தெரியாது. இவங்களுக்குத் தெரியும்." எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பி, "என்ன, நான் சொல்லுறது பிழையோ?" என்று கேட்டார்.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வயதான ஒருத்தர் மட்டும், "ஓம் போடியார், வழமை அப்பிடித்தான்" என்றார்.

வழமை! எருமையை இறைச்சிக்கு விற்றபோது எங்கே போனது வழமை? இரவில் மிதித்ததைப் பகலுக்கு மாற்றினபோது எங்கே போனது? பெண்களுடைய நெல்லை லொறியில் ஏற்றினபோது காலம் மாறிவிட்டது. என் புருஷனை மிசினில் ஏற்றச் சொன்னபோது காலம் மாறவில்லை. தனக்குத் தோதான வழமை ஒன்றை மட்டும் மடியில் கட்டி வைத்திருந்தார் அந்த மனிசன். இதையெல்லாம் அன்றைக்கே கேட்டிருப்பேன். என் வாயில் மாமியுடைய கை இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. போடியார் சொன்னதைக் கேட்டுக் கிடந்த என் புருஷன், வாயிலிருந்த துவாயை எடுத்துவிட்டு, "மிதிப்ப நிப்பாட்டாதேங்கோ" என்றார். அவரேதான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பவும் துவாயைக் கடித்துக்கொண்டார். போடியார் தலையை ஆட்டினார். "பாத்தியளோ? அவன் ஆம்பிளை" என்றார்.

பெடியன் மிசினில் ஏறினான். எங்கேயோ மேயப்போன மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து வண்டில் கட்டச் சொல்லி ஆள் போனது. இரத்தம் பட்ட வைக்கோலை அள்ளி வெளியே எறியச் சொன்னார் போடியார். அது மட்டும் வெளியே போகலாமாம். காலுடைந்த ஆளும் வெளியே போகலாம். மிசின்தான் போகக்கூடாது. நான் வரம்பில் இருந்து என் சேலைத் தலைப்பைக் கிழித்து அவருடைய தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் அறுபது அடி தள்ளி அது சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பெடியன் எங்கள் பக்கம் வரும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாடு வருவதற்குள் பாதிச் சூடு மிதித்தாகிவிட்டது. அந்த மழையும் பெய்யவில்லை. மேகம் கலைந்து கடல் பக்கம் போய்விட்டது.

மணல் பாதையில் வண்டில் போனது போக்கல்ல. ஒவ்வொரு குழியிலும் அவருடைய உடம்பு துள்ளி விழும். அப்போதும் கத்தவில்லை. "களம் தாண்டியாச்சு, இனிக் கத்துங்கோ. வாய்விட்டு ஒருக்காக் கத்துங்கோ" என்று கெஞ்சினேன். "இன்னும் பொலி ஏறியிருக்காது" என்றார். அட கடவுளே, அந்த நேரத்திலும் மனிசன் கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தது.

மூதூர்த் துறையில் லோஞ்சு போய்விட்டது. குடாவுக்கு நடுவில் அதன் புகை தெரிந்தது. கையை ஆட்டினேன், யார் பார்ப்பது? துறையடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், காக்கா என்போம், ஓடிவந்து, "தங்கச்சி, ஆள இந்த வாங்கில வளத்துங்க" என்றார். காலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இதென்ன அநியாயம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். முன்பின் தெரியாத மனிதர். அன்று முழுவதும் எங்களுக்காக வாய்விட்டுக் கத்தியது அவர் ஒருவர்தான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மூதூரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். விடிந்ததும் முதல் லோஞ்சு. திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று கோதுமை மா இறக்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எருமைக்குப் பின்னால் நடந்த ஆட்கள் இரண்டு பேர் அங்கே முதுகில் மா மூட்டையோடு பலகையில் நடந்துகொண்டிருந்தார்கள். முகமெல்லாம் வெள்ளை. என்னைக் கண்டு நின்றார்கள். பின்னால் வந்தவன் ஏசவும் தொடர்ந்து நடந்தார்கள்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரலை அமத்திப் பார்த்தார். கால் நீலம் பாரித்துக் குளிர்ந்துபோயிருந்தது. "நேற்றே ஏன் கொண்டுவரேல்ல? நேற்றே வந்திருந்தால் பார்த்திருக்கலாம்" என்று என்னைத்தான் ஏசினார். "நேற்று எங்கட ஊரில சூடு மிதிப்பு ஐயா" என்றேன். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழங்காலுக்கு மேலே வைத்து வெட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு மூட்டை நெல் கிடந்தது. போடியார் அனுப்பியது. அந்தக் களத்து நெல். கொண்டுவந்தவன் ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தான்: "பொலி நல்லா ஏறினதாம். சொல்லச் சொன்னவர்." மூட்டையைக் கிணற்றுக்குள் தள்ளப் போனேன். மாமி குறுக்கே நின்று, "பசிக்கு என்ன செய்வாய்? என்ன செய்வாய் சொல்லு?" என்று கேட்டா. அவித்துக் குத்திச் சமைத்தோம். தின்றோம்.

என் புருஷனைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். "நான் ஒரு சத்தம் போடேல்ல. ஒரு சத்தம். பொலி ஏறினது." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். "வேற ஆள் எண்டால் கத்தியிருப்பான்" என்றார்கள். அவருடைய முகம் அப்போது மலரும். குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, கையில் இருப்பதைக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்தின் நடுவில் போட்டு உடைக்கலாமா என்றிருக்கும். கால் போன மனிசனுக்கு மிஞ்சினது அந்தப் பெருமை ஒன்றுதான். அதைப் போட்டு உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போடியாரை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவருக்குக் கேட்கவேண்டும். அன்றைக்கு நான் கத்தாமல் விட்டது அவருடைய காதில் விழவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு அதற்கு வழி வந்தது. கம்பு பிடிக்க ஆம்பிளை ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் கூலி கூட்டிக் கேட்டார்கள். பெண்ணுக்கென்றால் பாதி கொடுத்தால் போதும். போடியார் ஊருக்குள் ஆளனுப்பினார். "இனிப் பெண்டுகளும் களத்துக்குள்ள வரலாம். பாவமில்ல. காலம் மாறிப்போச்சு." திரும்பவும் காலம் மாறிவிட்டது, பார்த்தீர்களா! அந்தக் காலத்துக்கு முதுகெலும்பே இல்லை. அவர் திருப்புகிற பக்கம் திரும்பும்.

போகிறேன் என்று நான் சொன்னதும் என் புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குச் சொல்லத் தொடங்கினார். வலது காலை வைத்து உள்ளே போ. செருப்போடு போகாதே. வைக்கோலைச் சக்கரத்துக்குக் குறுக்கே போடு, நேராகப் போடாதே. "வாயப் பாத்துக்கொள்" என்றார் கடைசியில். "உன்ர வாய் ஒரு வாய். பொலி ஏறும்வரைக்கும் அதைப் பூட்டி வை."

"ஓம்" என்றேன்.

அதே களம். அதே கம்பு. அவர் பிடித்துப் பிடித்து வழுவழுவென்று ஆன இடத்தில் என் கை இருந்தது. டிரைவர் வேறொருவன். போன வருசத்துப் பெடியன் திரும்பி வரவில்லை. களத்தோரத்தில் போடியார் அதே கதிரையில், அதே குடையோடு. வலது காலை வைத்துத்தான் உள்ளே போனேன். வெயில் ஏறும்வரை ஒழுங்காக வேலை செய்தேன். மிதித்துப் பிரிந்த நெல்லை ஒரு பக்கமாகக் கூட்டத் தொடங்கினார்கள். இதுதான் நேரம். பொலி ஏறப்போகிற நேரத்தில் சொன்னால்தான் தீட்டு முழுவதாகப் படும் என்பார்கள்.

போன வருசம் என் புருஷன் கிடந்த இடத்தில் போய் நின்றேன். கம்பை ஊன்றிக்கொண்டு, போடியாருடைய முகத்தைப் பார்த்தபடி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஐயோ! போச்சு! எல்லாம் போச்சு! இல்ல! ஒண்டுமில்ல! முடிஞ்சுது! என்ர மனிசன்ர கால் போச்சு! கொள்ளையில போக உன்ர நெல்லு! பிணம் விழ உன்ர களத்தில!" ஒரு வருசமாக வாய்க்குள் கிடந்தது எல்லாம் வந்தது. தொண்டை கிழிந்து உப்புக் கரித்தது.

மிசின் என் முன்னால் இரைந்துகொண்டு போனது. பக்கத்தில் கம்பு பிடித்த பெண் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். கேட்கவில்லையாம். இன்னும் உரக்கக் கத்தினேன். குடைக்குக் கீழே போடியார் என்னைக் கவனித்துவிட்டார். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பெருவிரலை வாய்ப்பக்கம் சரித்துக் காட்டினார். வெள்ளமோ என்று கேட்கிறார்.

நான் அப்படியே நின்றேன். அவர் யாருக்கோ கையைக் காட்டினார். ஒருத்தன் செம்பைக் கொண்டுவந்து நீட்டினான். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். மிசின் அடுத்த சுற்று வந்தது, வைக்கோலைக் குறுக்கே போட்டேன்.

புது விதை, உர மூட்டை என்று அந்த வருசம் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். பொலி குவியக் குவிய, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியவில்லை. அப்படி ஒரு பொலி அந்தக் களத்தில் அதற்கு முன் ஏறியதில்லை என்று கிழவர்கள் சொன்னார்கள்.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் ஏலவில்லை.

"நான் இண்டைக்குக் களத்துக்குள்ள நிண்டு கத்தினனான்" என்றேன். "ஐயோ எண்டும், போச்சு எண்டும் எல்லாம் சொன்னனான். உங்கட காலச் சொல்லிச் சொல்லிக் கத்தினனான்."

அவருடைய முகம் வெளுத்தது. எழும்பப் பார்த்தார். கால் இல்லாததை மறந்து எழும்பிப் பக்கவாட்டில் சரிந்தார். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். போடியாரை நோக்கி ஒருநாளும் வராத கோபம் அந்தக் கண்ணில் என்னை நோக்கி வந்தது.

"பொலி ஏற முந்தியோ?"

"ஓம்."

"ஆரும் கேட்டவையோ?"

"இல்ல. மிசின் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்ல."

அவர் சுவரில் சாய்ந்தார். நெஞ்சிலிருந்து மூச்சு நீளமாக வெளியே வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல காலம்" என்றார்.

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்தே கேட்டார்: "பொலி எப்பிடி?"

"நல்லா ஏறினது" என்றேன்.

அவருக்குச் சந்தோசம்.